ஸ்வீடனின் ‘ஓ’: ஓரெழுத்தில் ஓர் ஆறு

11 மார்ச் 2023, வாசகர் கேள்வி

ஸ்வீடன்காரர்கள் ஆற்றை ‘ஓ’ என்கிறார்கள். எழுதும்போது ரோமன் ‘ஏ’யின் தலையில் ஒரு சின்ன வட்டம் போடுகிறார்கள். நம் ‘ஆறு’ தேய்ந்து வந்த சொல்தான் இது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். முதலில் ‘று’ உதிர்ந்து ‘ஆ’ ஆயிற்றாம், பிறகு ‘ஆ’ உருண்டு ‘ஓ’ ஆயிற்றாம். கேட்டால் சரியாகவே படுகிறது. நீங்கள் ஸ்வீடனின் உப்சாலா நகரில் இருக்கிறீர்கள். இது உண்மையா?

11 மார்ச் 2023, இரவு

இல்லை. ஆனால் அந்தக் காணொளியில் பாதி சரியாக இருப்பதால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்த மனம் வரவில்லை. ‘ஓ’ ஒரு காலத்தில் ‘ஆ’ என்றுதான் ஒலித்தது. பழைய ஸ்வீடிஷிலும், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸிலும் ஆற்றுக்கு நெடில் ‘ஆ’ ஒன்றே பெயர். ஐஸ்லாந்தில் அதே சொல்லை இன்று ‘அவ்’ என்கிறார்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் ‘ஓ’.

சிக்கல் அதற்கு முந்தைய காலத்தில் இருக்கிறது. ஸ்வீடிஷ், ஜெர்மன் போன்றவற்றுக்குத் தாயான மூல ஜெர்மானிய மொழியில் இது ‘அஹ்வோ’. அந்தக் குடும்பத்தில் வழக்கொழிந்துபோன கோத்திக் மொழியில் ‘அஹ்வ’. லத்தீன் ‘அக்வா’ இதற்கு உடன்பிறப்பு. ஜெர்மனியில் ஊர்ப் பெயர்களின் வாலில் தொங்கும் ‘ஆஹ்’ என்பதும் இதே சொல். நடுவில் இருந்த ‘ஹ்வ’ தேய்ந்து மறைந்தது, மிச்சம் நின்றது உயிரெழுத்து மட்டும்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். ‘ஆறு’ என்பதன் பழைய வடிவம் ‘யாறு’. புறநானூற்றில் ‘பேர்யாறு’ என்றே வருகிறது. தெலுங்கில் ‘ஏறு’. ஆக, நம் சொல் முன்னால் இருந்த ‘ய’வை இழந்து ‘ற’வைக் காப்பாற்றிக்கொண்டது. அவர்கள் சொல்லில் ‘ய’வும் இருந்ததில்லை, ‘ற’வும் இருந்ததில்லை. சொந்தக்காரச் சொற்கள் என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்கி வர வேண்டும். இவை இரண்டும் விலகி விலகிப் போகின்றன. இன்று பக்கத்தில் நிற்பது போலத் தெரிவது தேய்மானத்தால் வந்த தோற்றம்.

12 மார்ச் 2023

தலைமேல் உள்ள வட்டத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது ஒரு குட்டி ‘ஓ’ எழுத்து. ‘ஆ’ ஒலி மெல்ல ‘ஓ’வாக உருண்டபோது, பழைய ‘ஏ’ எழுத்தை விடாமல் அதன் மேல் சின்னதாக ‘ஓ’ எழுதிக் காட்டினார்கள். 1526-இல் அச்சான ஸ்வீடிஷ் புதிய ஏற்பாட்டில் இந்த எழுத்து வந்துவிட்டது. நார்வே 1917-லும் டென்மார்க் 1948-லும்தான் அதிகாரபூர்வமாக இதற்கு மாறின. அதுவரை அங்கே ‘ஏ’யை இரண்டு முறை எழுதுவார்கள். ஒரு சொல்லின் ஒலி மாறிய கதையை அந்த எழுத்தே தலையில் சுமக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து இது.

12 மார்ச் 2023, மாலை

இன்னொன்று விட்டுப்போயிற்று. நான் தினமும் வேலைக்குப் போகும் வழி ஃபீரிஸோன் ஆற்றங்கரை. ‘ஃபீரிஸ்’ பெயர், ‘ஓன்’ என்றால் ‘அந்த ஆறு’. 17-ஆம் நூற்றாண்டு வரை இது சாலா ஆறு. கிழக்குக் கரைத் தெருவின் பெயர்ப் பலகையில் ‘எஸ்ட்ரா ஓகாட்டன்’ என்றிருக்கும். கிழக்கு ஆற்றுத் தெரு. எதிர்க் கரையில் ‘வெஸ்ட்ரா ஓகாட்டன்’, மேற்கு ஆற்றுத் தெரு. ஸ்வீடனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பனி ஒட்டியிருந்த அந்தப் பலகையைக் கையுறையால் துடைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரே ஓர் எழுத்து முழு ஆறாக நின்றது. ஆ, ஈ, பூ, தீ என்று ஓரெழுத்துச் சொற்களோடு வளர்ந்த எனக்கு, அந்நிய ஊரில் முதன்முதலாக வீட்டு ஞாபகம் இல்லாமல் மனம் நிறைந்தது அன்றுதான்.

15 மார்ச் 2023

இந்தச் சொல் மரபுத்தொடர்களிலும் புகுந்திருக்கிறது. ‘ஒருபுறம் பார்த்தால், மறுபுறம் பார்த்தால்’ என்று நாம் சொல்வதை இவர்கள் ‘ஓ ஏனா சீடான், ஓ ஆண்ட்ரா சீடான்’ என்கிறார்கள். ‘சீடான்’ என்றால் பக்கம். ஆற்றின் ஒரு கரை, ஆற்றின் மறு கரை. வழக்கின் இரு தரப்பையும் ஆற்றின் இரு கரைகளாகப் பார்த்த மொழி இது.

16 மார்ச் 2023

நேற்று எழுதியது தவறு. வகுப்பில் எங்களுக்கு ஸ்வீடிஷ் கற்றுக்கொடுத்த ஆசிரியையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகத் திருத்தினார். அந்தத் தொடரில் வரும் ‘ஓ’ ஆறு இல்லை. ‘மேல்’ என்று பொருள்படும் பழைய முன்னிடைச்சொல். இன்றைய ஸ்வீடிஷில் ‘மேல்’ என்பதற்கு ‘போ’ என்கிறார்கள். ‘உப்’, ‘ஓ’ இரண்டும் ஒட்டித் தேய்ந்துதான் அந்தப் ‘போ’ பிறந்தது. பழைய ‘ஓ’ இந்த மாதிரித் தொடர்களில் மட்டும் ஒளிந்து வாழ்கிறது. போதாததற்கு, பேச்சில் ‘உம்’ என்ற இணைப்புச் சொல்லும் ‘ஓ’தான். ஓர் ஒலிக்கு மூன்று குடித்தனம்.

எனக்கு இது உறைத்தது. காணொளிக்காரர் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன். காதுக்கு ஒத்ததும் கைபிடித்து உறவு சொல்லிவிட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

2 ஏப்ரல் 2023

ஆறுகளுக்கு இவர்களிடம் பல பெயர்கள் உண்டு, எது எங்கே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் புரிந்துகொண்டது இது.

‘பெக்’ என்றால் ஓடை. தாண்டிக் குதிக்கலாம். ‘ஓ’ என்றால் நடுத்தர ஆறு, பெரும்பாலும் தெற்கிலும் நடுப்பகுதியிலும். ‘எல்வ்’ என்றால் பெரிய ஆறு, மலையிலிருந்து இறங்கி வரும் வடக்கு ஆறுகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஜெர்மனியின் எல்பே ஆற்றின் பெயரும் இதே சொல்தான். ‘ஃப்ளூட்’ என்றால் வெளிநாட்டு ஆறு. நைலும் டான்யூபும் கங்கையும் ‘ஃப்ளூட்’. ஸ்வீடன் மண்ணில் ஓடும் எந்த ஆற்றையும் அப்படி அழைக்க மாட்டார்கள். ஆற்றுக்கும் குடியுரிமை பார்க்கும் மொழியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விதி இவ்வளவு சுத்தமாக இருந்தால் நல்லது, ஆனால் இல்லை. தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்தில் ஓடும் எமோன் சுமார் 220 கிலோமீட்டர் நீளம், ஆனாலும் அது ‘ஓ’. வெட்டர்ன் ஏரியிலிருந்து நோர்ஷெப்பிங் நகரம் வழியாகக் கடலுக்குப் போகும் பெரிய ஆறு ‘ஓ’வும் இல்லை, ‘எல்வ்’வும் இல்லை, அதன் பெயர் மோட்டாலா ஸ்ட்ரோம். தென்மேற்கு ஸ்வீடனின் ஹாலாந்து மாகாணத்தில் லாகன், நிஸ்ஸன், ஏட்ரன், விஸ்கன் என்ற நான்கு ஆறுகளின் பெயருக்கு ‘ஓ’, ‘எல்வ்’ என்ற வாலே கிடையாது.

வடக்கே இன்னொரு புதிர். லூலியோ, பீட்டியோ என்ற நகரங்கள் 1621-லும் ஊமியோ 1622-லும் நகர உரிமை பெற்றவை. மூன்று பெயரும் ‘ஓ’வில் முடிகின்றன. ஆனால் ஊமியோ நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றின் இன்றைய பெயர் ‘ஊமே எல்வ்’. ஆற்றின் பழைய பெயரை ஊர் பத்திரமாக வைத்திருக்கிறது, ஆறு வேறு பெயருக்குப் போய்விட்டது.

9 ஏப்ரல் 2023

‘ஃப்ளூட்’ பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இந்த வாரம் பனி உருகி ஃபீரிஸோன் கரை தொட்டு ஓடுகிறது. நிறம் தேநீரைப் போல. செய்தியில் இதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘வோர்ஃப்ளூட்’, வசந்தப் பெருக்கு. துணையாறுக்கும் ‘பீஃப்ளூட்’ என்றே பெயர், அது ஸ்வீடனில் ஓடினாலும் சரி. ஆக ‘ஃப்ளூட்’ எல்லைக்கு வெளியே நிற்பது தனிச் சொல்லாக வரும்போது மட்டுமே. கூட்டுச் சொற்களில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடலின் ஏற்றத்துக்கும் இதே சொல்தான். நீர்யானைக்கு இவர்கள் வைத்த பெயர் ‘ஃப்ளூட்ஹெஸ்ட்’, ஆற்றுக்குதிரை. ஆப்பிரிக்க விலங்குக்கு வெளிநாட்டு ஆறு பொருத்தம்தான்.

10 ஏப்ரல் 2023

இரண்டு பழமொழிகள். ‘சின்னச் சின்ன பெக் சேர்ந்தால் பெரிய ஓ’, அதாவது சிறு துளி பெருவெள்ளம். இன்னொன்று, ‘தண்ணீர் எடுக்க ஓவைத் தாண்டிப் போவது’. வேண்டாத பாடு படுவதைச் சொல்வார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது நமக்கு எப்படியோ, அப்படி.

23 ஏப்ரல் 2023

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வார்ம்லாந்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கை நடுக்கம் உண்டு, காபிக் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டோம். நான் ‘ஓ’ பற்றித் துருவித் துருவிக் கேட்பதைப் பார்த்து, தன் ஊர் வழக்கில் ஒரு வாக்கியம் சொன்னார். ‘அந்த ஆற்றில் ஒரு தீவு இருக்கிறது’ என்பது பொருள். ‘ஈ ஓஆ ஏ எ’ என்று போய், தீவுக்கான சொல்லில் முடிகிறது. ஐந்து சொல், ஒரு மெய்யெழுத்துகூட இல்லை. தீவுக்கும் ஓரெழுத்துதான். ‘ஓ’ சொல்வதற்கு உதட்டைக் குவித்துக்கொண்டு, உள்ளே ‘ஏ’ என்று சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. என் வாயைப் பார்த்துத் திருத்தித் திருத்தி அவர் காபி ஆறிப்போனது.

1 மே 2023

நேற்று வால்போரி, வசந்தத்தை வரவேற்கும் திருநாள். ஆற்றின் இரு கரையிலும் கூட்டம். 1975 முதல் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய மிதவைகளில் ஃபீரிஸோனில் இறங்கி, நகர நடுவில் உள்ள வீழ்ச்சிகளில் குதித்து வருகிறார்கள். ஏப்ரல் கடைசித் தண்ணீர், கை வைத்தால் எலும்பு வலிக்கும். இதற்குப் பெயர் ‘ஃபோர்ஸ்ரென்னிங்’. ‘ஃபோர்ஸ்’ என்றால் பாறைகளுக்கு நடுவே கொந்தளித்து இறங்கும் நீர். பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கிக்கு ஸ்வீடிஷில் ஹெல்சிங்ஃபோர்ஸ் என்று பெயர். 1550-இல் குஸ்தாவ் வாசா அந்த ஊரை நிறுவியது வாண்டா ஆற்றின் முகத்தில், ‘ஃபோர்ஸ்’ பக்கத்தில்.

வடக்கு மலைகளில் இன்னொரு சொல்லும் உண்டு, ‘யொக்’. அது ‘சாமி’ என்ற வடக்குப் பூர்வகுடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. யொக்மொக் என்ற ஊர்ப் பெயரிலும் அதுவே ஓடுகிறது. ‘யொக்’குக்கு பின்னிஷில் உறவு இருக்கிறது, ‘யோக்கி’. ‘ஓ’வுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

18 ஜூலை 2023

ட்ரோல்ஹெட்டான் போய் வந்தேன். யேட்டா எல்வ் அங்கே 32 மீட்டர் இறங்குகிறது. ஆனால் நீங்கள் போய் நிற்கும்போது அருவி இருக்காது, வெறும் பாறைதான். தண்ணீரை மின் நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஓலிடான் மின் நிலையம் 1910 முதல் இயங்குகிறது. கோடையில் மட்டும் குறித்த நேரத்தில் மதகைத் திறந்து ஆற்றைப் பழைய பாதையில் விடுகிறார்கள்.

நான் பாலத்தில் நின்றேன். கீழே பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் ஒரு பறவை குடித்துக்கொண்டிருந்தது. முதலில் சத்தம் வந்தது, பிறகு வெள்ளையாக ஒரு நாக்கு. சில நிமிடங்களில் பாறை எதுவும் தெரியவில்லை. நொடிக்கு 3 லட்சம் லிட்டர். பாலத்தின் கம்பி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. பிறகு மதகு மூடியது, சத்தம் தேய்ந்தது, பாறைகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின.

அங்கே நின்றபோதுதான் ‘ஸ்ட்ரோம்’ என்ற சொல் எனக்கு முழுதாக விளங்கியது. நீரின் ஓட்டம் ‘ஸ்ட்ரோம்’. கம்பியில் ஓடும் மின்சாரமும் ‘ஸ்ட்ரோம்’. மின்சாரம் நின்றுபோனால் ‘ஸ்ட்ரோம்’ அறுந்தது என்பார்கள். நாமும் நீரோட்டம், மின்னோட்டம் என்று ஒரே ஓட்டத்தைத்தான் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். அந்தப் பாலத்தில் ஒரு ஸ்ட்ரோமை எடுத்து இன்னொரு ஸ்ட்ரோம் ஆக்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

20 ஜூலை 2023

‘ஸ்ட்ரோம்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். மூல இந்தோ ஐரோப்பிய வேரில் ‘த’ கிடையாது. ‘ஸ்ர’ என்று தொடங்கும் அந்த வேருக்குப் பொருள் ஓடுதல், ஒழுகுதல். ஜெர்மானிய மொழிகள் இடையில் ஒரு ‘த’வை நுழைத்தன. சமஸ்கிருதத்தில் ‘ஸ்ரவதி’, ‘ஸ்ரோதஸ்’. கிரேக்கத்தில் ‘ரெயுமா’. உடம்புக்குள் கெட்ட நீர் இறங்குவதாக அக்கால வைத்தியர்கள் நம்பியதால் மூட்டு வலிக்கு ‘ருமாட்டிசம்’ என்று பெயர் வந்தது.

இங்கே ஓர் இடத்தில் நிற்க வேண்டும். தமிழில் பழைய தலைமுறை ‘ரத்தஸ்ராவம்’ என்று எழுதியது அல்லவா? அந்த ‘ஸ்ராவம்’ இதே வேர்தான், வடமொழி வழியாக நமக்கு வந்தது. ஸ்வீடன் நீர்ச் சொல்லுக்கும் தமிழ் அகராதிக்கும் உண்மையான தொடர்பு வேண்டும் என்று கேட்டால் இதோ இருக்கிறது. இரவல் சொல் வழியாகத்தான் வந்தது, ஆனாலும் ஒவ்வொரு படியையும் காட்ட முடியும்.

21 ஜூலை 2023

குடும்பப் பெயர்களில் வரும் ‘ஸ்ட்ரோம்’ பற்றி: லிண்ட்ஸ்ட்ரோம், பெரிஸ்ட்ரோம், நூர்ட்ஸ்ட்ரோம் போன்றவை பெரும்பாலும் அழகுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். ஒரு மரம், ஒரு மலை, ஒரு திசை, அதோடு ஓர் ஓட்டம். அப்படி ஓர் ஆறு எங்கும் இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஒளியின் அலைநீளத்தை ‘ஆங்ஸ்ட்ராம்’ அலகில் படித்தோமே, அது உப்சாலாவில் வேலை செய்த இயற்பியலாளர் ஆண்டர்ஸ் யூனாஸ் ஓங்ஸ்ட்ரோம் (1814–1874) பெயர். மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதன் குறியீடு எதுவென்று பாருங்கள்: ஆற்றுக்கான அதே வட்டம் வைத்த எழுத்து.

26 ஆகஸ்ட் 2023

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். கரோலினா ரெடிவீவா என்ற அந்தக் கட்டடம் ஆற்றிலிருந்து மேடேறினால் வந்துவிடும். அங்கே ‘வெள்ளி நூல்’ இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ரவென்னாவில் எழுதப்பட்ட கோத்திக் நற்செய்தி ஏடு. ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி எழுத்து, இடையிடையே பொன் எழுத்து. 1648-இல் பிராகா நகரைக் கொள்ளையிட்ட ஸ்வீடன் படை அள்ளி வந்தது. கைமாறிப் போய் மீண்டும் வாங்கப்பட்டு 1669-இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது.

நான் தேடிப் போன சொல் மாற்கு நற்செய்தி முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது, மக்கள் யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெறும் இடம். ‘யோர்தான் அஹ்வை’. கண்ணாடிக்குள் திறந்திருந்தது வேறு பக்கம். வீட்டுக்கு வந்து நூலகம் வெளியிட்டிருக்கும் படங்களில் தேடினேன். கண்டுபிடித்தேன். நான்கே எழுத்து. முதலில் ‘அ’. அடுத்து ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. கோத்திக்கில் ‘ஹ்வ’ என்ற ஒலிக்கு அந்த ஒற்றை எழுத்துதான். பிறகு ‘அ’, ‘இ’.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதிர்ந்துபோன ‘ஹ்வ’ அங்கே வெள்ளியில் நிற்கிறது. இன்றைய எழுத்தின் தலையில் உள்ள வட்டமும் அந்த வட்டமும் ஒன்றுதான் என்று ஒரு கணம் மனம் சொன்னது. அது தவறு. அந்த வட்டம் ‘ஹ்வ’, இந்த வட்டம் ‘ஓ’. இரண்டுக்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி, வேறு வேறு கை. மார்ச்சில் பட்ட பாடம் இப்போது உதவியது.

27 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதாமல் விட்டது. இன்றைய உப்சாலா நகரம் நிற்கும் இடத்துக்கு முன்பு உப்சாலா என்ற பெயரே இல்லை, ‘எஸ்ட்ரா ஆரூஸ்’. ‘ஆ’ என்றால் ஆறு, ‘ஊஸ்’ என்றால் வாய். கிழக்கு ஆற்றுமுகம். 1273-இல் பேராயர் பீடம் பழைய உப்சாலாவிலிருந்து இங்கே மாறியபோது பெயரும் கூடவே வந்தது. மேற்கு ஆற்றுமுகம் இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது: வெஸ்டெரோஸ். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரமும் இதே ஆற்றுமுகம்தான்.

14 அக்டோபர் 2023

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார். ‘தமிழில் ஓ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு மதகு நீர் தாங்கும் பலகை என்று அகராதி பொருள் சொல்கிறதே, அதுவும் நீர், இதுவும் நீர், ஒலியும் ஒன்று, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்கிறார்.

நல்ல கேள்வி. நன்னூல் எண்ணிக்கை சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் ‘ஓ’வும் ஒன்று, அந்தப் பொருளும் சரி. எனக்கும் பார்த்தவுடன் சிலிர்த்தது. ஆனாலும் என் பதில் மாறவில்லை. ஸ்வீடிஷ் ‘ஓ’ ஆனது சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன் ‘ஆ’, அதற்கும் முன் ‘அஹ்வோ’. நம் ‘ஓ’ நீரைத் தடுத்து நிறுத்தும் பலகை, அவர்கள் ‘ஓ’ ஓடும் நீர். ஓரெழுத்துச் சொற்கள் எந்த மொழியிலும் கைவிரலில் எண்ணும் அளவு ஒலிகளுக்குள்தான் புழங்க முடியும், மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. தமிழுக்கு வேண்டிய அளவு ஆழம் இருக்கிறது. யாறு, ஏறு என்று நம் வேரைத் தோண்டினால் வரும் தண்ணீரை விட்டுவிட்டு, ஆற்றைத் தாண்டி அங்கே போய் எடுக்க வேண்டாம்.

25 நவம்பர் 2023

தீவுக்கான அந்த ஓரெழுத்துச் சொல்லைப் பார்க்கிறேன் என்று ஏப்ரலில் நினைத்து, பிறகு மறந்துபோனேன். இப்போதுதான் பார்த்தேன். அதன் மூலம் ‘அவ்யோ’. ‘நீருக்குரியது’ என்று பொருள். ‘அஹ்வோ’ என்ற அதே சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்காண்டிநேவியா என்ற பெயரின் பின்பாதியும் இதே ‘அவ்யோ’. அப்படியானால் பெரியவர் சொன்ன மெய்யெழுத்து இல்லாத வாக்கியத்தில் ஆறும் தீவும் ஒரே வேர்.

இன்று அவரிடம் சொன்னேன். வாக்கியத்தை ஒருமுறை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு போர்வை சுற்றி, சக்கர நாற்காலியில் எஸ்ட்ரா ஓகாட்டன் வரை தள்ளிக்கொண்டு போனேன். ஃபீரிஸோன் ஓரங்களில் பனி கட்டியிருந்தது, நடுவில் கறுப்பாக ஓடியது. உடைந்த பனித்துண்டு ஒன்று மிதந்து வந்தது, அதன் மேல் ஒரு வாத்து நின்றது. பெரியவர் நடுங்கும் விரலால் அதைக் காட்டி, என் வாயைப் பார்த்தார். நான் உதட்டைக் குவித்துச் சொன்னேன். இந்த முறை அவர் திருத்தவில்லை.